மூன்றாம் வகுப்பில் நான்கு வருஷம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். உயிரே போனாலும் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்போது என் ஒரு கையில் அவித்த முட்டை. மறுகையில் என் மனைவி ஸ்வென்யா திணித்த படிவம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு, யோர்ன். அடுத்த மாசத்துலேருந்து நான் மூணு, நீ அஞ்சு" என்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் நாட்டில் கல்யாணம் ஆனவர்கள், சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியை யார் தலையில் அதிகம் கட்டலாம் என்று தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளலாம். மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டவருக்குப் பிடித்தம் குறைவு. ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டவருக்குச் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே அழுகை வரும். வருஷக் கடைசியில் கணக்குத் தீர்த்தால் குடும்பத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் மாதக் கடைசி ஒன்றல்ல.

நான் பிரேமன் நகரில் டிராம் ஓட்டுகிறேன். ஸ்வென்யா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் கல்யாணமானதிலிருந்து மூன்று என்னிடம்தான். ஆகவே மாதம் பிறந்தால் என் கைக்கு வருவது கொழுகொழு. அவள் கைக்கு வருவது நோஞ்சான். சம்பளச் சீட்டை வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தற்செயலாக மறந்துவைத்துவிட்டு, "இந்த மாசம் ஏதோ பரவாயில்ல" என்று இருமுவேன். இந்தச் சின்ன சந்தோஷத்தைத்தான் அவள் பிடுங்கப் பார்த்தாள்.

"நாலு வருஷமா நான் மூணாம் வகுப்பு. இப்ப ஏன் மாத்தணும்?"

"நாலு வருஷமா ஒரே வகுப்புல உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு ஃபெயில்."

"அப்ப நீ?"

"நான் அஞ்சாம் வகுப்பை நல்லா படிச்சு முடிச்சுட்டேன். இனி உன் முறை."

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசி. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுத்தாகணும். தள்ளிப்போனா பிரயோஜனமில்ல."

"என்ன அவசரம்?"

"அவசரம்னா அவசரம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் காபிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். வாடை பிடிக்கவில்லையாம். அதையும் நானே குடித்தேன். எதிரி பலவீனமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு ஹார்ம்ஸ் முற்றத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வாழ்க்கையில் அதைவிட அதிக அனுபவம். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"போடாத தம்பி" என்றார். "சும்மா போடாத. உன் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்குல்ல?"

"என்ன கேக்கலாம் அண்ணே?"

அவர் சங்கிலியைச் சுற்றிப் பார்த்தார். "உங்க வீட்ல அந்தச் சின்ன ரூம் சும்மாதானே கிடக்கு? அதைக் கேளு. உன் ரயில் எல்லாத்தையும் அங்க விட்டுக்கலாம்."

எனக்குள் விளக்கெரிந்தது. என்னிடம் குட்டிக் குட்டி மாதிரி ரயில்கள் உண்டு. பத்தொன்பது பெட்டி, கட்டிலுக்கு அடியில். அந்தச் சின்ன அறையிலோ உடைந்த நாற்காலி, காற்றுப்போன படகு, முன்பு குடியிருந்தவரின் துணி உலர்த்தும் கம்பி எல்லாம் அடைந்து கிடந்தன. அடுத்த வாரம் காலி செய்கிறேன் என்று நான்தான் நான்கு வருஷமாகச் சொல்லிவருகிறேன்.

மேலே போனேன். மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்தச் சின்ன ரூம் எனக்கு. முழுசா."

ஸ்வென்யா ஜன்னலைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அந்த ரூமா? வேற ஏதாவது கேளேன்."

"அந்த ரூம்தான்."

"பிடிவாதக்காரன்" என்றாள். "சரி, எடுத்துக்க. ஆனா நீயேதான் காலி பண்ணணும். நீயேதான் பெயின்ட் அடிக்கணும். நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்."

"நகர்த்த வேண்டாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மன்னன் ஒருவன் உடன்படிக்கையில் போடுகிற மாதிரி, வால் நீட்டி.

மூன்று வாரம் முதுகொடிய உழைத்தேன். குப்பைக் கிடங்குக்கு ஏழு நடை. சுவருக்குக் கரும்பச்சை வாங்கப் போனேன்.

"இளமஞ்சள் அடி" என்றாள். "பொம்மை ரயில் பளிச்சுனு தெரியும்."

"மாதிரி ரயில்."

"அதேதான். வாடை வராத பெயின்டா பாத்து வாங்கு."

பிறகு ஜன்னலுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னாள். கரண்ட் துளைகளுக்கெல்லாம் மூடி மாட்டச் சொன்னாள். கனத்த திரை வேண்டும் என்றாள். என் பொழுதுபோக்குக்கு இந்த வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று கண்கலங்கியபடி மாட்டினேன்.

அடுத்த மாதச் சம்பளச் சீட்டு வந்தது. டிப்போ ஓய்வறையில் பிரித்துப் பார்த்தேன். பாதித் தொகையை எலி தின்றுவிட்டதோ என்று பின்பக்கத்தையும் பார்த்தேன். நேராகச் சம்பளப் பிரிவுக்குப் போனேன்.

அங்கே லூனிங் மேடம் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லையே. அஞ்சாம் வகுப்பு. வாழ்த்துகள்."

"எதுக்கு?"

"எத்தனாவது மாசம்?"

"செப்டம்பர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல இன்னும் சொல்லலையா? குழந்தை பொறந்து அம்மா வீட்ல இருந்தா அரசாங்கம் பணம் தருதில்ல, அது அவங்க அதுக்கு முன்னாடி கையில வாங்கின சம்பளத்தை வச்சுத்தான். கைக்கு வர்றது கூடினா அதுவும் கூடும். அதனால விவரம் தெரிஞ்ச பொண்ணுங்க உடனே மூணுக்கு மாறிடுவாங்க. இந்த டிப்போவுல புருஷன் அஞ்சுக்குப் போனா அடுத்த வருஷம் தொட்டில் வாங்குவான். நான் இருபது வருஷமா பாக்குறேன்."

அன்று மதியம் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிறுத்தத்தில் நிற்காமல் டிராமை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். பயணிகள் கத்தியது ஏதோ பக்கத்து ஊரில் கத்துவது போலக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது ஸ்வென்யா மஞ்சள் அறையில் நாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"எத்தனாவது மாசம்?" என்று கேட்டேன்.

நாடா சரக்கென்று உள்ளே சுருண்டது. அவள் திரும்பவில்லை.

"பத்து வாரம். வெள்ளிக்கிழமை டாக்டர் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னதும் சொல்லலாம்னு இருந்தேன். போன தடவை ஆறாவது வாரமே சொல்லி, நீ உங்க அம்மாவுக்கெல்லாம் ஃபோன் பண்ணி, அப்புறம்..."

அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் திரும்ப ஃபோன் செய்து சொன்னவன் நான்தான்.

பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்சநேரம் இருவரும் சுவரைப் பார்த்தோம். நல்ல மஞ்சள். மூலையில் ஒரு இடம் மட்டும் திட்டுத்திட்டாக இருந்தது.

"அந்த மூலைக்கு இன்னொரு கோட் அடிச்சுடுறேன்" என்றேன். அவள் என் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் நல்லா இருக்கு என்றார். நான் இரண்டு பீர் பாட்டிலோடு கீழே இறங்கினேன். ஹார்ம்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும்தான் அண்ணே. நீங்க எவ்வளவு புத்தியா அந்த ரூமைக் கேக்கச் சொன்னீங்க, நானும் போராடி ஜெயிச்சேன், இப்ப அது கைவிட்டுப் போச்சு."

ஹார்ம்ஸ் நிதானமாக ஒரு மடக்குக் குடித்தார்.

"தம்பி, அன்னைக்குக் காலையில நான் ரொட்டி வாங்கப் போறப்ப உன் பொண்டாட்டிதான் வந்து, அந்த ரூமைக் கேக்கச் சொல்லி உன்கிட்ட சொல்லுங்கன்னா. ஏம்மான்னு கேட்டேன். 'நான் சொன்னா காலி பண்ண நாலு வருஷம் ஆகும், ஜெயிச்சதா நெனச்சான்னா மூணே வாரம்'னா."