இருபத்துநாலு பொத்தான்

மானேஜர் போனில் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததை, நூற்புப் பிரிவு மேஸ்திரி முழுதாகக் கேட்டுவிட்டார்.

தப்பான இணைப்புக் கொடுத்தவன், அந்தக் காரைக்கால் மில்லின் டெலிபோன் ஆபரேட்டர் ஆன்ரி. அவனுக்குக் கண் தெரியாது. பதினாறு வருடமாக அது யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. பழைய டெலிபோன் போர்டில் அழைக்கும் லைனின் தகடு டப்பென்று விழும். எது என்று காதே சொல்லிவிடும். போன வாரம் வந்த போர்டில் இருபத்துநாலு பொத்தான், எல்லாம் ஒரே வழவழப்பு. அழைப்பு வந்தால் பொத்தானுக்குள் விளக்கு எரியுமாம். யாருக்கு வேண்டும் விளக்கு!

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன், ஆன்ரி. சரியா வரலன்னா சாக்குத் தைக்கப் போயிடுங்க," என்றார் மானேஜர்.

ஆன்ரி நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டான். அங்கே கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் நூகு ஆபரேட்டர். பார்வையற்றோர் பள்ளியில் கூடப் படித்தவன்.

"அதே போர்டுதான்டா எங்களுக்கும். வந்து பத்து நாளாச்சு," என்றான் நூகு. ஆன்ரிக்குப் போன உயிர் திரும்பியது.

நூகு பாடம் எடுக்கும் விதமே தனி. ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, என்ன ஆகிறதென்று சொல்லச் சொல்வான். சொன்னதும் அந்தப் பக்கம் பிரெயில் குத்தும் சத்தம் கேட்கும். மார்க் போடுகிறான் போல. பிறகு, "ம், அடுத்தது."

ஐந்தாவதை அழுத்தியதில் முதலாளியும் கேண்டீன்காரரும் ஒரே லைனில் மாட்டிக்கொண்டார்கள். ஏழாவதில் மில்லில் அத்தனை போனும் செத்தன. அடையாளத்துக்குப் பொத்தான்களின் ஓரம் கோந்து தடவி அரிசி ஒட்டினான். எறும்பு வருமே என்று, பெருக்கும் காசியம்மா அக்கறையாகச் சுரண்டி எடுத்துவிட்டாள். மாலையில் வீட்டுக்குப் போலகம் பஸ்ஸில் போகும்போதும் அவன் விரல்கள் முன்சீட்டுக் கம்பியை அழுத்திக்கொண்டே வந்தன.

வியாழக்கிழமை அலுத்துப்போய்ப் போர்டின்மேல் கையைப் போட்டுக் கிடந்தபோதுதான், விளக்கு எரியும் பொத்தான் லேசாகச் சுடுவது தெரிந்தது. உடனே நூகுவிடம் சொன்னான். நூகு அதை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மானேஜர் பதினோரு அழைப்பு வைத்துச் சோதித்தார். பதினொன்றும் சரி. ஆன்ரி சாக்குத் தைப்பதிலிருந்து தப்பினான். நன்றி சொல்ல நாகப்பட்டினத்தைக் கூப்பிட்டான். நூகு ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். பியூன் தியாகராசன் எடுத்தான்.

"நூகு சொல்லிக்குடுத்துத்தான் என் வேலை தப்பிச்சுதுன்னு சொல்லுங்க தம்பி. அந்த போர்டு அவனுக்கு அத்துப்படி."

"போர்டா? அது இன்னும் பெட்டியிலதான் சார் இருக்கு. நீங்க பாஸானப்பறம் பிரிச்சாப் போதும்னுட்டாரு நூகு பாய்."