பிப்ரவரி முப்பது

சிவகாசியில் நெருப்புக்குப் பயப்படாதவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கட்டட ஓனருக்குப் பயப்படாதவர் பிரஷ் பாய் ஒருவர்தான்.

பட்டன் போன் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய செல்போன் ரிப்பேர் கடை. நான் உதவி டெக்னீஷியன். அதாவது, அவர் சரிசெய்ததைக் கெடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் பற்றவைத்த போனில் 'ஹலோ' என்றால் டார்ச் எரியும்.

பிரஷ் என்பது ஷேவிங் பிரஷ். எந்த போனையும் வாசலிலேயே கழற்றி, ஒரு தாளில் தட்டி, பிரஷ்ஷால் துடைத்த பிறகுதான் மேஜைக்கு ஏற்றுவார். காரணம் நான்தான். பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த போனில் அலுமினியப் பொடி இருப்பது தெரியாமல் சால்டரிங் ராடை வைத்தேன். என் இடது புருவத்துக்கு அந்த வருஷம் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது.

தட்டுகிற தாள், அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள். அதில் பிப்ரவரிக்கு முப்பது நாள்.

"வீணாப்போன தாளை எதுக்கு பாய் வச்சிருக்கீக?"

"உன்னையே வச்சிருக்கேன்லே."

ஒரு சீசன் நேரம். பட்டாசுக் கம்பெனி மாரியக்கா, திரை உடைந்த போனோடு வந்தார். சோற்றுப் பையில் மறந்து வைத்த போன் கம்பெனிக்குள்ளே மணியடித்துவிட்டதாம். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள்.

"உள்ள கொண்டுபோனது தப்புதான் பாய். அதுக்காகச் சீசன் பூராவுமா வெளியே நிப்பாட்டணும்? பிள்ளைக்குப் பீஸ் கட்டணும்ல."

"தப்பு தப்புதான்க்கா," என்று பாய் அந்த போனைத் தட்டினார். ஒரு பொட்டுப் பொடி இல்லை.

அப்போது காரிலிருந்து இறங்கினார் அதே கம்பெனியின் முதலாளி. எங்கள் கடை இருந்த கட்டடமும் அவருடையதே. நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் தெருவுக்குப் போனது.

"பாய், போன் செத்துப்போச்சு. பார்ட்டி நம்பர் அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு. உடனே பாரும்."

"அக்கா முன்னாடி வந்துட்டாக. இருங்க அண்ணாச்சி."

முதலாளி நின்றார். பாய்க்கும் சேர்த்து நான் நடுங்கினேன்.

மாரியக்காவுக்குத் திரை மாற்றிக் கொடுத்த பிறகு, பாய் முதலாளியின் போனைக் கழற்றித் தட்டினார். தாளில் பத்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை பளபளவென்று அலுமினியப் பொடி. வெடிமருந்து ரூமுக்குள் போனோடு உலாவியவர் யாரென்று, ஒரே புருவத்தோடு இருந்த எனக்கே விளங்கியது.

"அக்கா மறந்து கொண்டுபோனாக. சீசன் பூரா வெளியே. நீங்க பேசிக்கிட்டே போயிருக்கீக. உங்களுக்கு எம்புட்டு நாளு, அண்ணாச்சி?"

"கடையக் காலி பண்ண வச்சிருவேன் பாய்."

"வைங்க. போன் வாங்க வரும்போது சாவியும் தாரேன்."

"போன் என்னைக்குக் கிடைக்கும்?"

பாய் பிரஷ்ஷால் தாளின் கடைசிக் கட்டத்தைத் தொட்டார்.

"பிப்ரவரி முப்பது."

முதலாளி தாளைப் பார்த்தார். பொடியைப் பார்த்தார். கடைசியில் மாரியக்காவைப் பார்க்காமலே, "காலைல கம்பெனி வேன்ல ஏறிரு," என்றார்.

பத்தே நிமிஷத்தில் பிப்ரவரி முப்பது வந்துவிட்டது.

அந்த மாசமே கடையைக் காலி செய்தோம். ஒரு பஞ்சர் கடையில் பாதி இடம் கிடைத்தது. அங்கே சுவரில் அந்தத் தாளை ஒட்டியது நான்தான். என் கையால் ஒட்டி, பிய்த்துக்கொண்டு வராத ஒரே பொருள் அது.

இப்போதும் பிப்ரவரி இருபத்தெட்டு முடிந்ததும் எனக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். அந்த இரண்டும் பாய்க்கு.