நாயைக் கொன்ற மிஸ் ஆரிலியா டீக்கு வருகிறாள்

பெல்டன், ஒஹையோ
1913 மே, புதன்கிழமை

எப்போதும் சரியாகவே நடக்கும் என் அக்கா ட்ரூசில்லாவுக்கு, பெரும்பாலும் தப்பாகவே நடக்கும் தம்பி ஓரின் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் மகள் எஃபியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அத்தானும் அத்தானுடைய இடது முழங்காலும் அவ்வாறே இருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும். நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தன. ஒன்று எனக்கும் மற்றது எஃபிக்கும் அளவெடுத்த மாதிரி இருந்தாலும் அன்போடு போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் எரித்துவிடு. சமையலறை அடுப்பில் எரி. கூடத்துக் கணப்பில் போட்டால் அத்தான் பாதியில் எடுத்துப் படிப்பார்.

எங்கள் தொழிலில் இரண்டாம் அத்தியாயத்தில் முன்கதை சொல்லியாக வேண்டும். கை பழகிவிட்டது, பொறுத்துக்கொள். பத்திரிகை வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து நான் எழுதுவது விதைக் கம்பெனியின் விலைப்பட்டியல் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா, அது பொய். நான் எழுதுவது பெண்பிள்ளைகளுக்கான கதை. 'ஆலைக்குளத்துத் தோழிகள்' என்கிற வரிசையை உன் ஊர்ப் பிள்ளைகள் கையில்கூடப் பார்த்திருப்பாய். எழுதியவர் மிஸ் ஆரிலியா ஹேவன் என்று அட்டையில் இருக்கும். ரோஜாக்கொடி படர்ந்த குடிலில் பூனைகளோடு வசிக்கிறாள் என்று உள்ளே போட்டிருக்கும். அக்கா, அந்த ஆரிலியா நான்தான். முழுசாக நான் இல்லை, பாதி நான். நியூயார்க்கிலிருந்து குவிம்பி என்கிற பதிப்பக முதலாளி ஒரு கதைச் சுருக்கத்தை அனுப்புவார், அதை ஊதிப் புத்தகமாக்க வேண்டியது எங்கள் பாடு. யாருக்கும் வயதாகக் கூடாது, யாரும் யாரையும் முத்தமிடக் கூடாது, அத்தியாயம் முடியும்போதெல்லாம் யாராவது எதிலிருந்தாவது விழ வேண்டும், தலை போனாலும் ஆரிலியா யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். எனக்கு ஒன்றுவிட்டு ஒரு புத்தகம்தான் வரும். நடுவில் வருவதை எழுதுகிறவன் யார் என்று கேட்டால் குவிம்பி மழுப்பிவிடுவார்.

அவன் யாராக இருந்தாலும் படுபாவி. நியூவார்க்கில் ஏதோ சாராயக் கடை மாடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு எழுதுகிறான் என்பது என் தீர்மானம். கதாநாயகி கோராவுக்குக் குதிரை என்றால் பயம் என்று நான் எழுதினேன் (எனக்கும் பயம்தான், உனக்குத் தெரியாததா). அடுத்த புத்தகத்தில் அவன் அவளைச் சேணம் இல்லாத குதிரையில் ஏற்றிப் பந்தயத்தில் ஜெயிக்க வைத்தான். நான் அவளைக் கீழே தள்ளிப் பயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் வீட்டுக்கு அழைத்து வருகிற மாமாவை அவன் அலாஸ்காவுக்கு அனுப்பிவிடுகிறான், நான் திரும்பக் கூப்பிடுகிறேன், பாவம், அந்த மனிதர் கப்பலிலேயே காலம் தள்ளுகிறார். என் புத்தகங்களில் கோராவின் அம்மா மாவுக்குள் செர்ரிப் பழம் வைத்துப் பை சுட்டு, மேல்மாவில் கத்தியால் கோதுமைக் கதிர் கீறி, ஜன்னலில் ஆற வைப்பாள். அவன் புத்தகங்களில் அந்த அம்மாள் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள், அடுப்பே எரியாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் வந்த புத்தகத்தில், நான் குட்டியிலிருந்து வளர்த்த ஜெனரல் என்கிற நாயை மதகில் மூழ்கடித்துவிட்டான்.

எஃபி கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டாள். அவளும் அவளுடைய வாசிப்புச் சங்கத்துப் பெண்களும் கோழிக்கொட்டாய்க்குப் பின்னால் ஒரு குழி தோண்டி, உள்ளே வைக்க நாய் இல்லாததால் ஒரு பழைய கழுத்துப்பட்டையை வைத்து மூடினார்கள். போதகர் மகள் ஜெபம் செய்தாள். அவள் அம்மா ஆடா இறந்த அன்று இந்தக் குழந்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று கேள்விப்பட்டு நீயே கவலைப்பட்டு எழுதியிருந்தாய். இல்லாத நாய்க்கு அன்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். கோராவும் தோழிகளும் என் பேனாவில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், சொந்தப் பெண்ணிடம் மழை வருமா, முட்டை வெந்ததா என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அவளுக்கு இருக்கிற ஒரே துணை அந்தப் புத்தகங்கள்தான். ஆரிலியா என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்?

இந்த நிலையில் திங்கட்கிழமை காலை உணவின்போது எஃபி கேட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருப்பீங்கல்ல?"

"இருப்பேன். ஏம்மா?"

"மிஸ் ஆரிலியா ஹேவன் டீக்கு வர்றாங்க. கூப்பிட்டு எழுதியிருந்தேன். கட்டாயம் வர்றேன்னு பதில் போட்டுட்டாங்க."

என் முட்டை மடியில் விழுந்தது. நான் எந்தப் பதிலும் போடவில்லை, அக்கா.

"அட ஊறுகாய்ப் பீப்பாயே," என்றேன். "அவங்க எப்படி வருவாங்க? அவங்களுக்கு... பூனை இருக்கே."

"பூனை இருக்கறவங்க டீ குடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டது வீட்டு வேலை பார்க்கும் திருமதி கிரான்ஸ். "வரட்டும் ஐயா. வீட்டுக்கு மனுஷங்க வந்து எத்தனை நாளாச்சு. நீங்க ஏன் வெளிறிப் போறீங்க, கல்யாணத்துக்கா பொண்ணு பாக்க வர்றாங்க?"

எஃபி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று தொடங்கிய அலைச்சல் இன்னும் நிற்கவில்லை. முதலில் நூலகத்து மிஸ் பெட்டிபோனிடம் ஓடினேன். படித்தவள், பார்க்கவும் லட்சணம், ஒரு மணி நேரம் ஆரிலியாவாக உட்காரச் சொல்லலாம் என்று எண்ணம். ஆரிலியா என்று வாயெடுத்ததுமே அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தக் குப்பையை என் அலமாரியில சேக்கவே மாட்டேன். பிள்ளைங்க மூளைக்கு விஷம் வைக்கிறவ அவ. சனிக்கிழமை வர்றாளாமே? மாதர் சங்கத்தையே கூட்டிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேக்கறேன்," என்றாள். ஆக, பூதத்தை ஓட்டப் போய் இன்னும் நான்கு பூதங்களை வீட்டுக்கு அழைத்துவிட்டு வந்தேன். அடுத்து, ஒப்பந்தம் மீறாமல் பூடகமாகக் குவிம்பிக்குத் தந்தி அடித்தேன்: "ஆரிலியா வரக் கூடாது. விஷயம் வெளியானால் நான் தொலைந்தேன்." இந்த ஊரில் தந்தி அடிப்பதும் கோயில் மணி அடிப்பதும் ஒன்றுதான். நான் தபாலாபீஸ் படியிறங்குவதற்குள், நியூயார்க்கில் ஆரிலியா என்றொருத்தியை ஏமாற்றிவிட்டு நான் ஒளிகிறேன் என்று கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. கறிக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, "நீங்களா இப்படி, நம்பவே முடியலயே," என்று மரியாதையோடு சொன்னார். குவிம்பியின் பதில் மறுநாள் வந்தது: "ஆரிலியா நலம். நீ எப்போது தரப் போகிறாய்?" அவர் கேட்டது கையெழுத்துப் பிரதியை. தந்திக்காரர் அது மோதிரம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது போதகரும் என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்.

யோசித்துப் பார்த்ததில் பதில் போட்டவன் நியூவார்க்குக்காரன்தான் என்பது தெளிவாகிவிட்டது. ஓசி டீக்கு ஆசைப்பட்டிருப்பான். சனிக்கிழமை மீசையும் சுருட்டுமாக ஒருவன் படியேறி, "நான்தான் ஆரிலியா, பாப்பா," என்று எஃபியிடம் சொல்லப் போகிறான். அவள் முகத்தை அப்போது நான் பார்க்கத் தயாராக இல்லை. அதனால் அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்பி வா. எஃபி உன்னைப் பார்த்தது தொட்டிலில் இருந்தபோது. அந்த ஊதாத் தொப்பியைப் போட்டு முகத்திரையை இறக்கிவிட்டால் அடையாளம் தெரியாது. நீதான் ஆரிலியா. நீ கதைப்புத்தகத்தைத் தொட மாட்டாய் என்பது தெரியும், அதனால் பாதகமில்லை, எழுதினதை நானும் திரும்பப் படிப்பதில்லை. நாயைப் பற்றிக் கேட்டால், அது நீந்திக் கரையேறிவிட்டது, அடுத்த புத்தகத்தில் வரும் என்று சொல்லிவிடு, குவிம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கூடத்தில் இருக்கும் நேரம் நான் ரயிலடியில் நின்று சுருட்டு வாசனை அடிக்கிற எவனையும் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவேன். சின்ன வயதில் நான் ஆப்பிள் மரத்தில் தொங்கிக்கொண்டு கத்தியபோதெல்லாம் ஏணி கொண்டுவந்தவள் நீதான். இது கடைசித் தடவை.

அத்தானுக்கு என் அன்பையும் முழங்காலுக்கு என் அனுதாபத்தையும் தெரிவி. உன் வான்கோழிகள் பெருகட்டும், உன் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும். உன் பதில் தந்தியாக வர வேண்டாம்.

கால் தரையில் பாவாமல் காத்திருக்கும் தம்பி,
ஓரின்

பின்குறிப்பு: அக்கா, வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. சனிக்கிழமை இணைப்பு ரயில் கிடையாது என்று ஆரிலியா இன்றே வந்துவிட்டாள். மீசை இல்லை. பெயர் மிஸ் ஹல்டா ஸ்ட்ரோம், பென்சில்வேனியாவில் பள்ளிக்கூட ஆசிரியை, என் வயதுதான் இருக்கும், சேற்றுப் பூட்ஸ், கையில் ஒரு கூடை. கூடைக்குள்ளிருந்து நாய்க்குட்டி ஒன்று தலையை நீட்டியது. "அட ஊறுகாய்ப் பீப்பாயே," என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அலாஸ்கா மாமா பேசற பேச்சாச்சே இது. அப்போ குதிரைக்குப் பயந்து எழுதற கிழவின்னு நான் நெனச்சது உங்களைத்தானா?" என்றாள். நாயைக் கொல்லச் சொன்னது குவிம்பியின் சுருக்கமாம். மனசு கேட்காமல் குட்டி கொண்டுவந்தாளாம். எஃபி அனுப்பி, குவிம்பி ஆபீஸ் வழியாகத் தன் கைக்கு வந்த உறையையும் காட்டினாள். அதன்மேல், 'நாயைக் கொன்ற மிஸ் ஆரிலியா ஹேவனுக்கு மட்டும்' என்று இருந்தது. எஃபியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல், "எப்போலேர்ந்தும்மா தெரியும்?" என்று கேட்டேன். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ரொம்ப நாளா. பை மேல கோதுமைக் கதிர் கீறறது நம்ம அம்மா மட்டும்தானேப்பா. உங்க புஸ்தகத்துல அம்மா இருக்காங்க, இவங்களோடதுல இல்ல. அதான் உங்களோடத ரெண்டு தடவ படிப்பேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அதற்கப்புறம் நான் அழுதேன், அக்கா, குட்டி என் காலுறையைக் கடித்துக்கொண்டிருந்தது, எஃபி நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருமதி கிரான்ஸ் இப்போது மாவு பிசைகிறாள். மேலே கதிர் எப்படிக் கீறுவது என்று எஃபி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்கு இங்கே கேட்கிறது.