கடல்நாய் தின்ற ஆட்டுக்கறி

விஞ்ஞானி போட்டது ஒரே ஒரு தும்மல்தான். ஆராய்ச்சிக்கூட மேசையில் இருந்த கடல்நாயின் மீசைமுடி ஜன்னல் வழியாகப் பறந்தே போய்விட்டது.

அந்த ஒற்றை முடிக்காகப் பனிக்கடலுக்கு ஒரு கப்பலே போய் வந்திருந்தது. இயந்திரத்தில் வைத்தால் போதும், கடல்நாய் ஆறு மாதமாக எதையெல்லாம் தின்றது என்று முடியில் படிந்த ரசாயனம் புட்டுப்புட்டு வைத்துவிடும். “முடி பொய் சொல்லாதுங்க” என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் இவர்தான். நரைத்த முறுக்குமீசை இருந்ததால் பட்டப்பெயரும் ‘மீசை’.

தோட்டமெல்லாம் தவழ்ந்து தேடினார். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். ‘உன்னையும் ஒரு விஞ்ஞானின்னு சம்பளம் கொடுத்து வச்சிருக்கானே!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

மனைவி வேகவைத்த காய்கறியை நீட்டினாள். கறியும் இனிப்பும் கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அவருக்காக அவளும் விட்டுவிட்டாள்.

“நீங்க வாயைக் கட்டிட்டு இருக்கும்போது எனக்கு மட்டும் எப்படிங்க தொண்டையில எறங்கும்?”

மீசை தலை நிமிராமல் காயை மென்றார். பக்கத்தில் பூனை மீன் தின்றுகொண்டிருந்தது. சட்டென்று பொறி தட்டியது. பூனையும் மீன் தின்கிறது, கடல்நாயும் மீன் தின்கிறது. இயந்திரத்துக்கு என்ன தெரியப்போகிறது?

சோபாவுக்கடியில் பூனை உதிர்த்த மீசைமுடி ஒன்று கிடைத்தது. கவரில் போட்டு, பசை தடவிய விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, மறுநாள் இயந்திரம் ஓட்டும் பெண்ணிடம் கொடுத்தார்.

இரண்டே நாளில் ஆராய்ச்சிக்கூட இயக்குநர் குதித்துக்கொண்டு வந்தார்.

“யோவ் மீசை! உம்ம கடல்நாய் மீனையே தொடலைய்யா! முழுக்க ஆட்டுக்கறி, சர்க்கரை!”

மீசை அவசரமாகக் குறுக்கிட்டார். “மெஷின் பழுதா இருக்கும் சார்...”

“முடியை மூணு துண்டா வெட்டி ஓட்டியாச்சு. மூணும் ஒண்ணுதான்.”

“அப்ப அந்தக் கடல்நாய்க்கு ஏதாவது கோளாறு...”

“அதையும் நேர்லயே பாத்துடலாம்! வெள்ளிக்கிழமை கப்பல். நாலு மாசம் பனியில உக்காந்து, அது ஆட்டை எப்படிப் பிடிக்குதுன்னு படம் எடுத்துட்டு வாரும்.”

வழியனுப்பு விழாவுக்கு மனைவி கம்பளிச் சட்டையோடு வந்தாள். “அங்கயும் காய்கறி மட்டும்தான் சாப்பிடணும், சரியா?” என்றபோது அவள் குரல் உடைந்தது. மீசைக்குத் தாங்கவில்லை.

“சார், அது கடல்நாய் முடியே இல்ல! எங்க வீட்டுப் பூனையோடது!”

இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “தொலையட்டும், உண்மையையாவது சொன்னீரே” என்று பெருமூச்சு விட்டார்.

மனைவிக்குத்தான் குழப்பம். “நம்ம பூனை மீனைத் தவிர எதையும் மோந்துகூடப் பாக்காதேங்க?”

“உனக்குத் தெரியாது! வெளியில போய்க் கறியும் கேக்குமா வெளுத்துக்கட்டும். வீட்டுக்கு வந்தா ஒண்ணும் தெரியாத அப்பாவி மாதிரி உன் முன்னாடி உக்காந்துக்கும். திருட்டுக் கழுதை!”

“அடப்பாவி! எவ்வளவு நம்பினேன்!” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீசைக்குப் போன உயிர் திரும்பியது. அப்போது இயந்திரம் ஓட்டும் பெண் கவரோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

“சார், கவருக்குள்ள இருந்த முடி அப்படியே இருக்கு, பசையில நீங்க பத்திரமா ஒட்டி அனுப்பியிருந்த நரைமுடியைத்தான் நான் மெஷின்ல வச்சேன்.”