டயர் வெடித்த கதையின் கூறுகள்

"டயர் வெடிச்சிருச்சு," என்று வாசற்படியிலேயே தொடங்கினான் அழகேசன்.

பட்டுச்சேலை கசங்காமல் வீற்றிருந்த நளினி நிமிர்ந்தாள். இலக்கிய ஆசிரியை. அன்று மாலை ஆறு மணிக்குத் திகாம் பத்து ஊர் மண்டபத்தில் 'சிறுகதையின் கூறுகள்' பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்தவள். "முதல் வரிசையில நீங்க இல்லேன்னா, உங்க அக்கா மக கல்யாணத்துக்குத் தனியாத்தான் போகணும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். தனியே சென்று அக்காளின் கேள்விகளுக்கு ஆளாவதைவிட, தான் வேலை பார்க்கும் செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலனுள் இறங்குவதே மேல் என்பது அழகேசனின் கருத்து.

உண்மை எளியது. வேலை முடிந்ததும் காடிக்குள், ஓட்டுநர் இருக்கையிலேயே கண்ணயர்ந்தான்; விழித்தபோது கூட்டமே முடிந்திருந்தது. அதை மட்டும் உரைப்பதில்லை என்ற உறுதியோடு வந்திருந்தான்.

"எங்க வெடிச்சுச்சு? இடப் பின்னணி சொல்லுங்க."

"சிடாம் கிரி, ரப்பர் காட்டுப் பக்கம். மழை வேற கொட்டுச்சு."

"சட்டை நனையவே இல்லையே?"

"நான் காடிக்குள்ளயே இருந்தேன் லா!"

"அப்ப டயர மாத்துனது யாரு?"

கதைக்கு ஒரு துணைப்பாத்திரம் உடனே தேவைப்பட்டது. நாவில் முதலில் வந்த பெயரைப் பற்றிக்கொண்டான். "டயர் கடை முருகையா அண்ணன்!"

"அவருதாங்க கூட்டம் நடத்துன சங்கத்தோட செயலாளர். எனக்கு வரவேற்புரை சொல்லிட்டு, கடைசி வரைக்கும் மேடையிலயே இருந்தாரு."

அழகேசன் புறங்காட்டவில்லை. "அப்ப அவரு தம்பியா இருக்கும். இருட்டுல சரியாத் தெரியல."

"ஆறு மணிக்கு இருட்டா? காலப் பின்னணியும் போச்சு. அவருக்குத் தம்பியும் இல்ல." நளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மண்டபம் நிறைஞ்ச கூட்டம். உச்சக்கட்டத்தப் பத்திப் பேசினேன், கைத்தட்டல் அடங்கவே இல்ல. முதல் வரிசையில மட்டும் ஒரே ஒரு காலி நாற்காலி. அதையே பார்த்துக்கிட்டுப் பேசி முடிச்சேங்க."

அந்த நாற்காலி அவன் நெஞ்சில் வந்து அமர்ந்தது. உறுதியெல்லாம் உதிர்ந்து போயிற்று.

"தூங்கிட்டேன் நளினி. என்னை மன்னிச்சிரு. கல்யாணத்துக்குத் தனியாவே போறேன்."

அவ்வேளை வெளிக்கதவைத் திறந்துகொண்டு, கையில் பிரிக்கப்படாத பொன்னாடையோடு முருகையா வந்தார்.

"என்ன டீச்சர், ரெண்டு பேருமே வரல? கூட்டம் முழுக்க மைக்கப் பிடிச்சுக்கிட்டு நானே சமாளிச்சேன் லா!"