விளக்கை நான் அணைக்கவில்லை

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இங்கு நான், மனைவி, மகள் மூவரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எல்லோர் எதிரிலும், "உனக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும், வாழத் தெரியாது" என்று நீங்கள் சொன்னதை நான் மறந்தேவிட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அன்று செவ்வாய்க்கிழமை.

ஞாயிறு மாலை நீங்கள் வாசலுக்கு வந்ததும் வீடு இருண்டுபோனதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விளக்கை நான் அணைக்கவில்லை. வீடு அணைத்தது.

சிரிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு முன் மகள் வீடு முழுக்கக் கணினி வைத்தாள். எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. அதுதான் அதன் அழகு. மேசைமேல் பெட்டி கிடையாது. கதவில் ஒரு துளி, விளக்கில் ஒரு துளி, மின்விசிறியில் ஒரு துளி. எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, நம்மை எதுவும் கேட்பதில்லை. நான் நாற்காலியில் சாய்ந்தால் படிக்கும் விளக்கு எரியும், மனைவி கண் அசந்தால் தொலைக்காட்சி குரலைத் தாழ்த்தும், யார் எங்கே எப்படி இருக்கிறார் என்று பார்த்து, நாம் சொல்லாமலே செய்யும். இருபத்தைந்து வருடம் கல்லூரியில் கத்தியும் என்னை இவ்வளவு கவனித்த மாணவன் ஒருவன்கூட இல்லை. எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியை ஒரு மனிதருக்குக் கொடுத்தார்களே, அவரைவிட இது எவ்வளவோ மேல்.

அன்று நீங்கள் படியேறியதும் கூடத்து விளக்கு அணைந்தது, திரைச்சீலை இறங்கியது, அழைப்பு மணி ஊமையானது. மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"உங்க அண்ணன், தன் பொண்ணு கல்யாணத்துக்குச் சொல்ல வந்து நிக்கறார். இப்பவுமா?"

"நான் கையே வைக்கலைம்மா, சத்தியமா!"

மகள் கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெரியப்பா இதுக்கு முன்னாடி நாலு தடவை வந்திருக்கார்ப்பா. நாலு தடவையும் நீங்க விளக்கை அணைச்சு, திரையை இறக்கி, மணியை நிறுத்தியிருக்கீங்க. அது பார்த்துக் கத்துக்கிச்சு. பாவம், உங்களுக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சிக்கிட்டிருக்கு."

நான்கே தடவையில் ஒருவன் மனதைப் புரிந்துகொண்ட அறிவை என்னவென்பது! நீங்கள் ஐம்பது வருடமாகப் பார்த்தும்... சரி, விடுங்கள்.

ஆகவே குற்றம் வீட்டினுடையது. அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினால் பரிசீலிக்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம், மணப்பெண்ணுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டு, "கதவை அது பூட்டலையேப்பா, கையால திறந்திருக்கலாமே" என்கிறாள். உண்மைதான். நீங்கள் தெருமுனை திரும்பும்வரை திரைச்சீலை இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால் வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் மாலை நானே வருகிறேன். கதவை நீங்கள் திறக்க வேண்டும். அண்ணியை அனுப்பக் கூடாது.