ஒன்றரையடிப் பெருஞ்சாலை

சக்கரம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கேள்விக்கு அறிஞர்கள் இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் தவறு. சாலைப் பராமரிப்புத் துறையின் பொன்விழா ஆண்டில் தலைமைப் பொறியாளர் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. நடுவில் வண்டி, ரயில், விமானம் என்று சில வேண்டாத வேலைகள் நடந்துவிட்டன. போகட்டும், மன்னித்துவிடலாம்.

தலைமைப் பொறியாளருக்குக் கொழுப்பு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். துறையில் எல்லோருக்கும் அது முன்பே தெரியும். ரத்தத்திலும் இருக்கிறது என்பதுதான் புதுச் செய்தி. மறுவாரமே அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். துறையின் எந்தக் கோப்பைவிடவும் அது எடை குறைவு. ஒற்றை விரலால் தூக்கலாம். தூக்கிக் காட்டினார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது:

‘பொன்விழாவை முன்னிட்டு எண்பது கிலோமீட்டர் நெடுந்தூரக் கூட்டு மிதிவண்டிப் பயணம். பங்கேற்பு முற்றிலும் அவரவர் விருப்பம். வராதவர்கள் மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.’

முப்பத்தாறு பேரும் விருப்பப்பட்டார்கள். அவர்களில் பதினோரு பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது முன்னேற்பாட்டுக் கூட்டத்தில்தான் வெளிவந்தது.

“சார், ஓட்டத் தெரியாதவங்க என்ன பண்றது?” என்று கேட்டார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

“கத்துக்கட்டும்.”

“பதினெட்டு நாள்தான் சார் இருக்கு.”

“பதினெட்டு நாள்ல ஒரு பாலமே கட்டியிருக்கோமேய்யா!”

பாலம் விழுந்தது பத்தொன்பதாம் நாள் என்பதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

வழித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உதவிப் பொறியாளருக்கு வந்தது. நாற்பத்தாறு வயது, சாந்த குணம். இருபது வருடப் பணியில் ஒரு காகிதத்தையும் தன் மேசையில் தங்கவிட்டதில்லை. நீட்டியவர் கையை மடக்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். துறையின் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையும் அவருக்கு அத்துப்படி. கோப்பில். எல்லாச் சாலைக்கும் நேராக ‘நன்னிலை’ என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

நன்னிலையில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டில் எண்பதைப் பொறுக்குவது பெரிய காரியமா? ஜீப்பில் ஏறி இரண்டு நாள் சுற்றினார். இரண்டாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தபோது நேராக நிற்க முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அவருடைய மனைவி அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவின் தலைமைச் செவிலி. கணவர் நடந்த நடையைப் பார்த்ததுமே தைலத்தை எடுத்தாள்.

“எந்த ரோடு?”

“எல்லா ரோடும்தான்.”

“உங்க ரோட்டுல நீங்களே போனீங்களா? தைரியம்தான்.” தைலத்தை அழுத்தித் தேய்த்தாள். “ஒன்பதாம் நம்பர் ரோட்டுல ஒரு தபால்காரம்மா விழுந்தாங்கன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? மூணு விலா எலும்பு, ஒரு தொடை. இன்னிக்கு அவங்க ஆபீசுக்கு உங்க துறையிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. சாலையில் குழி ஏதும் இல்லை, விழுந்தவரின் கவனக்குறைவே காரணமாக இருக்கலாம்னு.”

“அது வழக்கமா எழுதுற வாசகம்.”

“கையெழுத்து யாரு?”

அவர் யோசித்தார். போன வாரம் பனியன் அளவு, தலைக்கவசத்தின் நிறம், வாழைப்பழ விநியோகம் என்று நாற்பது காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். நாற்பத்தொன்றாவது அதுவாக இருக்கலாம்.

“இருபத்திரண்டு வருஷமா சைக்கிள்ல தபால் குடுத்தவங்க. இப்ப கவனமில்லாதவங்கன்னு எழுதி வச்சு, லைன்ல போக வேணாம், உக்காந்து முத்திரை குத்துங்கன்னு சொல்லிட்டாங்களாம். அந்தம்மா கால் ஒடிஞ்சப்பகூட அழலீங்க. அந்த லெட்டரைப் படிச்சுட்டு அழுதாங்க. மாத்தி ஒரு லெட்டர் எழுதக் கூடாதா?”

“எழுதலாம்,” என்றார் உதவிப் பொறியாளர், குப்புறப் படுத்தபடியே. “விழா முடியட்டும்.”

விழாவுக்கு வழி வேண்டுமே! இரண்டு நாள் ஆய்வில் அவர் கண்ட நல்ல சாலை மொத்தம் மூன்றே கிலோமீட்டர். அது தலைமைப் பொறியாளர் வீட்டு வாசலில் தொடங்கி அவர் மைத்துனர் வீட்டு வாசலில் முடிந்தது. இந்த உண்மையை அடுத்த கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து, மிகுந்த பக்குவத்துடன் சொன்னார்:

“சார், ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சைக்கிள்தான் கொஞ்சம் மெலிசு.”

தலைமைப் பொறியாளரின் முகம் மாறியது. அப்போதுதான் ‘ஜல்லி’ என்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் ஒப்பந்தக்காரர் வாயைத் திறந்தார். துறையின் முக்கால்வாசிச் சாலைகளைப் போட்டவர் அவர். மீதிக் கால்வாசியைப் போடாதவரும் அவரே.

“சார், சைக்கிள் டயர் எத்தனை அகலம்?”

“ரெண்டு விரல் இருக்கும்.”

“ரெண்டு விரலுக்காக இருபதடி ரோட்டை எதுக்கு சார் சரி பண்ணணும்? ஓரமா ஒன்றரை அடி தார் போட்டுடறேன். தாராளமாப் போகலாம்.”

அறையில் அமைதி நிலவியது. பெரிய கண்டுபிடிப்புகள் பிறக்கும்போது நிலவும் அதே அமைதி. ஒற்றையடிப் பாதையை நம் முன்னோர்கள் நடந்து நடந்தே உண்டாக்கினார்கள். அதில் அரையடி கூட்டுவதற்கு ஒரு துறையும் ஐம்பது ஆண்டுகளும் தேவைப்பட்டன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பெயர்: ‘பொன்விழா ஒன்றரையடிப் பெருஞ்சாலை’.

பத்தே நாளில் எண்பது கிலோமீட்டரும் தயார். குண்டும் குழியுமான சாலையின் இடது ஓரத்தில், வேட்டிக் கரை மாதிரி, கறுப்பாகப் பளபளவென்று ஓடியது. மக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை தன் சைக்கிளை அதன்மேல் ஏற்றி, ஐம்பது கெஜம் போய், கண்கலங்கித் திரும்பி வந்தார். உடனே கிலோமீட்டருக்கு ஒரு காவலாளும் ஒரு பலகையும் வைக்கப்பட்டன: ‘இது சாலை. பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாது.’

விழா நாள் காலை ஆறு மணிக்கு முப்பத்தாறு பேரும் மஞ்சள் பனியனும், தொடையைக் கவ்விப் பிடிக்கும் காற்சட்டையுமாக அணிவகுத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே எல்லோரும் விரும்பினார்கள். அதற்குக் கீழே பார்ப்பது நாகரிகமாக இல்லை. பாதை ஒன்றரை அடி என்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். யார் பின்னால் யார்? பணிமூப்புப் பட்டியலைக் கொண்டுவந்து பிரித்தார் கண்காணிப்பாளர்.

“யாரும் முந்தக் கூடாது. முந்தினா, மேலதிகாரியை மதிக்கலைன்னு ஆயிடும்.”

தலைமைப் பொறியாளர் நடைவேகத்தைவிடச் சற்று மெதுவாகச் சென்றார். சைக்கிள் என்பது ஓடினால்தான் நிற்கும். கடைசி வரிசை இளநிலை உதவியாளர்கள் ஓடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பணிமூப்பு வரிசை தவறாமல் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். உதவிப் பொறியாளர் நான்காவதாகப் போனார். பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் அவருக்குத் தொடைகள் எரிந்தன. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. டயருக்கடியில் தார் சரசரவென்று பாடியது. ஒரு சாலை இப்படியும் இருக்க முடியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், அவர் ‘நன்னிலை’ என்று எழுதிய சாலை வாயைப் பிளந்துகொண்டு கூடவே வந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மிதித்தார்.

இருபத்து மூன்றாவது கிலோமீட்டர், ஒன்பதாம் எண் சாலை. முன்னால் போன ஜீப்பிலிருந்து புகைப்படக்காரர் கத்தினார்: “சார், கொஞ்சம் கையைக் காட்டுங்க!”

தலைமைப் பொறியாளர் கையைக் காட்டினார். முன்சக்கரம் அரை அடி வலப்பக்கம் போனது. அங்கே பெருஞ்சாலை முடிந்து, சாலை தொடங்கியது.

அவர் விழுந்த குழி முழங்கால் ஆழம். அவருக்கு அடுத்து வந்தவர்களும் அவரைப் பின்பற்றியே பழகியவர்களுமான செயற்பொறியாளர்கள் இருவரும் அதிலேயே விழுந்தார்கள். உதவிப் பொறியாளர் மட்டும் பிரேக்கை அழுத்திவிட்டார். அது அவருடைய விசுவாசத்தில் விழுந்த கரும்புள்ளி.

ஊர்வலத்தின் கடைசியில் வந்த ஆம்புலன்ஸ் ஒன்றரையடிப் பாதையில் ஏற முடியாது. ஆகவே மற்ற சாலையில் தட்டுத் தடுமாறி வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. தலைமைப் பொறியாளரைப் படுக்க வைத்து அதே சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் எண் சாலையை அவ்வளவு நுணுக்கமாக எந்தத் தலைமைப் பொறியாளரும் ஆய்வு செய்ததில்லை. குழிக்கு ஒரு கருத்து சொன்னார். ஒன்றும் அச்சிடத் தக்கதல்ல.

செயற்பொறியாளர்களுக்கு வெறும் சிராய்ப்பு. தலைமைப் பொறியாளருக்குத் தோளெலும்பு முறிந்திருந்தது. எலும்பு முறிவுப் பிரிவின் முன்னறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். சுவரோரம் சக்கர நாற்காலியில் ஒரு நடுவயதுப் பெண், எக்ஸ்ரே முறைக்காகக் காலை நீட்டிக் காத்திருந்தார். உதவிப் பொறியாளரின் மனைவி ஒரு படிவத்தைக் கணவரிடம் நீட்டினாள். மஞ்சள் பனியனைப் பற்றியோ காற்சட்டையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“கூட வந்தவங்கதான் எழுதணும். எங்க விழுந்தாரு, எதனால விழுந்தாரு.”

“குழிம்மா, குழி!” என்று அலறினார் தலைமைப் பொறியாளர். “எந்த முட்டாள் போட்ட ரோடுய்யா இது?”

அவர் பணிக்காலத்தில் எழுப்பிய முதல் சரியான கேள்வி அது. கண்காணிப்பாளர் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார். “சார், ஆறு மாசம் முன்னாடிதான் முடிச்சதா ஃபைல் இருக்கு. உங்க கையெழுத்துதான் சார்.”

தலைமைப் பொறியாளர் குரலைத் தாழ்த்தினார்.

“வழுக்கிடுச்சு,” என்றார்.

“வெயில் கொளுத்துதே சார், எதுல வழுக்கிச்சு?” என்றாள் தலைமைச் செவிலி.

“ரோட்டுலதாம்மா. அவ்வளவு வழுவழுப்பு.”

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. “சிஸ்டர், அவரைப் பேச வேணாம்னு சொல்லுங்க. சிரிச்சா விலா வலிக்குது.”

உதவிப் பொறியாளர் திரும்பிப் பார்த்தார். யாரென்று மனைவி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என் லெட்டர்ல கையெழுத்து போட்டது நீங்கதானா சார்?” என்று கேட்டார் தபால்காரம்மா.

“ஆமா.”

“கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு.”

உதவிப் பொறியாளர் அவசரமாகக் குனிந்து எழுதத் தொடங்கினார். படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்துக்கு வந்தார். மனைவி மெதுவாகச் சொன்னாள்: “என்ன பாத்தீங்களோ, அதை எழுதுங்க. ரெண்டே எழுத்து.”

பேனாவை ஊன்றி, ‘கு’ என்று எழுதினார்.

இருபது வருடத்தில் அவர் எழுதிய எழுத்துகளிலேயே வீரமிக்கது அது. கண்காணிப்பாளர் இருமினார். தலைமைப் பொறியாளர், உடையாத தோளை ஊன்றி, தலையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த ஜனவரியில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. பேனா ஒரே இடத்தில் நின்று மை ஊறியது. பிறகு நகர்ந்தது: ‘குறிப்பிடத்தக்க அளவு வழுவழுப்பு’.

மனைவி படிவத்தை வாங்கிப் படித்தாள். முத்திரை வைத்தாள். “எக்ஸ்ரேக்கு நேரமாச்சு, வாங்கம்மா” என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனாலும் உதவிப் பொறியாளருக்கு மனசாட்சி உண்டு. மறுவாரம், சொன்னபடியே, தபால்காரம்மாவுக்காகத் திருத்தக் கடிதம் ஒன்றைத் தயாரித்துக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனார்.

“எப்படி சார் முடியும்?” என்றார் அவர். “ஒரே ரோட்டுல பெரியவர் வழுவழுப்புல விழுந்தாரு, அந்தம்மா குழியில விழுந்தாங்கன்னா, படிக்கிறவன் என்ன நினைப்பான்?”

“அப்ப அவங்களும் வழுவழுப்புல விழுந்ததா எழுதிடலாமே?”

“அவங்க விழுந்தப்ப நாம ஒன்றரையடி ரோடே போடலையே சார், வழுவழுப்பு எங்கேர்ந்து வரும்?”

இந்தத் தர்க்கத்தை உடைக்க இன்னும் யாரும் பிறக்கவில்லை. கடிதம் மடித்து மேசைக்குள் வைக்கப்பட்டது. உதவிப் பொறியாளர் மேசையில் தங்கிய முதல் காகிதம் அதுதான்.

மூவர் விசாரணைக் குழு ஒன்று அமைந்து, அளவுக்கு மீறிய வழுவழுப்பு உயிருக்கு ஆபத்து என்று கண்டறிந்தது. பழைய சாலைகளிலுள்ள மேடுபள்ளங்களோ ‘இயற்கையான வேகக் கட்டுப்பாட்டு வசதி’. ஆகவே ஒன்றரையடிப் பெருஞ்சாலை முழுவதையும் கொத்தி எடுக்கவும், பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி எல்லாச் சாலைகளையும் இப்போதுள்ள நிலை கெடாமல் காப்பாற்றவும் உத்தரவு பிறந்தது. கொத்தும் பணி ஜல்லிக்கு. மேற்பார்வை, பதவி உயர்வுடன், உதவிப் பொறியாளருக்கு.

இந்த நல்ல செய்தியோடு அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எந்த ரோட்டை என்னிக்குக் கொத்துறீங்க?”

“எதுக்கு?”

“முன்கூட்டியே தெரிஞ்சா, வார்டுல கட்டில் காலி பண்ணி வைக்க வசதியா இருக்கும்.”

உதவிப் பொறியாளர் சாப்பிட்டு முடித்துக் கைகழுவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோடு போட்ட தாளில், சாலை எண், தேதி, கிலோமீட்டர் என்று கட்டம் கட்டி, ஒரு பிழையுமில்லாமல் பட்டியல் எழுதினார். கடைசியில் எவ்வளவு கட்டில் தேவைப்படும் என்று தம் மதிப்பீட்டையும் சேர்த்து, கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருபது வருடத்தில் அவர் எழுதிய கணக்குகளில், நாள் தவறாமல், ஆள் குறையாமல் சரியாக வந்தது அது ஒன்றுதான்.